ஆட்களை வளர்க்கிற படிப்பு

மனிதவள மேம்பாட்டில் முதுகலை சேரலாமா என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே காரணம்தான் சொல்கிறார்கள்: "எனக்கு ஆட்களோட பழகப் பிடிக்கும்." நல்லது. அப்படிப் பழகியவரிடமே ஒருநாள் வேலைநீக்கக் கடிதத்தையும் நீதானே கொடுக்க வேண்டிவரும் என்றால் முகம் மாறிவிடுகிறது. சம்பளம் தருவது நிர்வாகம், நம்பி வந்து பேசுவது தொழிலாளி. இதில் நான் யாருக்கு ஆள் என்ற கேள்வியோடு வாழத் தெரிய வேண்டும்.

இந்தத் தொழில் நம் நாட்டில் இரண்டு வழிகளில் வந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்றது. தொழிலாளியின் குறை கேட்பது அவர் வேலை. அடுத்தது 1970-களில் உதய் பரீக், டி.வி. ராவ் என்ற இரு பேராசிரியர்கள் லார்சன் அண்ட் டூப்ரோவுக்கு வகுத்துக் கொடுத்த திட்டம். 1975-இல் அங்கே மனிதவள மேம்பாட்டுக்கென்றே ஒரு துறை வந்தது. கீழே இருப்பவரை வளர்த்துவிடும் பொறுப்பு முதலில் அவருடைய நேரடி மேலதிகாரிக்கு; ஆண்டு மதிப்பீட்டை எழுதி உறையில் போட்டு மூடாமல் எதிரே உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்த உட்கார்ந்து பேசுவதுதான் இன்றுவரை பல இடங்களில் நடப்பதில்லை.

பயிற்சியின் கதையும் அப்படித்தான். பயிற்சியின் பலனை அளக்க கிர்க்பாட்ரிக் என்ற பேராசிரியர் 1959-இல் எழுதத் தொடங்கிய நான்கு படிகளை எந்த மாணவரும் தூக்கத்தில்கூடச் சொல்வார்: பயிற்சி பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடைமுறை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் உண்டா. வேலைக்குப் போனதும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார். மாலையில் டீயும் சமோசாவும் வரும் நேரம் ஒரு தாளை நீட்டுவார்கள்; எல்லாரும் 'மிக நன்று' என்று டிக் அடிப்பார்கள். (சமோசாவுக்கும் சேர்த்துத்தான்.) மூன்றாவது படியைப் பார்க்க, சில மாதம் கழித்து ஷாப் ஃப்ளோருக்குப் போய் நிற்க வேண்டும். யார் போகிறார்கள்?

என்னைக் கேட்டால், ஒரு நிறுவனத்தின் பயிற்சிப் பட்டியலில் யார் பெயர் இல்லை என்று முதலில் பார்ப்பேன். நிரந்தரத் தொழிலாளியோடு அதே லைனில் அதே வேலை செய்யும் கான்ட்ராக்ட் ஆள் அதில் இருக்கிறாரா? பெரும்பாலும் இருக்க மாட்டார். அவரைச் சேர்க்கச் சொல்லி ஒரு குறிப்பெழுத அதிகாரமோ பதவி உயர்வோ தேவையில்லை. கொஞ்சம் துணிச்சல் போதும். யாருக்கு ஆள் என்பது அந்தக் குறிப்பில் தெரிந்துவிடும்.

ஆகவே கேட்கிற பிள்ளைகளே, தாராளமாகச் சேருங்கள். முடிந்தால் அதற்கு முன் ஓரிரு வருடம் எங்காவது ஒரு சூப்பர்வைசரின் கீழ் வேலை பாருங்கள். படிக்கும்போது களப்பணிக்கு ஆலைக்கு அனுப்பினால், எச்.ஆர். அறையிலேயே உட்கார்ந்து கையெழுத்து வாங்கி வராதீர்கள். ஒரு இரவு ஷிஃப்டாவது நின்று பாருங்கள்.