அஞ்சாமையும் அஞ்சுதலும்: தலைமை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அச்சம் மனிதனோடு உடன்பிறந்த உணர்ச்சி. ஆபத்தை முன்னறிந்து உயிரைக் காத்துக்கொள்ளும் பொருட்டு இயற்கை வழங்கிய கருவி அதுவென உளவியலாளர் கூறுவர். தனிமனிதன் ஒருவன் அஞ்சும்போது, அவ்வச்சத்தின் விளைவு பெரும்பாலும் அவனோடும் அவனது குடும்பத்தோடும் நின்றுவிடுகின்றது. படையொன்றையோ இயக்கமொன்றையோ நாடொன்றையோ நடத்திச் செல்பவன் அஞ்சும்போது நிலைமை வேறாகின்றது. அவனது அச்சத்திற்கான விலையை அவனை நம்பிப் பின்சென்றவர்களே செலுத்துகின்றனர். ஆதலால் தலைவனின் அச்சம் உளவியற் பிரச்சினையாக இருக்கும் அளவிற்கு அறவியற் பிரச்சினையாகவும் இருக்கின்றது.

தலைவன் அஞ்சாதவனாக இருத்தல் வேண்டும் என்பது உலகின் பொதுவான எதிர்பார்ப்பாகும். வீரயுகத்துப் பாணர்கள் பாடிய வேந்தனிடமும், இன்றைய அரசியல் மேடையில் தோன்றும் தலைவனிடமும் மக்கள் இதனையே எதிர்பார்க்கின்றனர். இவ்வெதிர்பார்ப்பு நியாயமானதா? அச்சமே அற்ற மனிதன் ஒருவன் இருத்தல் கூடுமா? கூடுமாயின், அத்தகையவனிடம் மக்கள் தம் உயிரையும் உடைமையையும் ஒப்படைத்தல் தகுமா?

இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர்க்குத் திருக்குறளின் பொருட்பால் நல்லதொரு தொடக்கத்தைத் தருகின்றது. ‘இறைமாட்சி’ அதிகாரத்திலே, வேந்தனிடம் குறைவின்றி அமைய வேண்டிய இயல்புகளைக் கூறவந்த வள்ளுவர் அஞ்சாமையையே முதலில் வைக்கின்றார். நான்கு அதிகாரங்கள் கழிந்து ‘அறிவுடைமை’க்கு வரும்போது, அஞ்சத்தக்கவற்றைக் கண்டும் அஞ்சாதிருத்தல் மடமையென்கின்றார். பின்னர் ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்திலே, குடிகளை அஞ்சவைத்து ஆளும் மன்னன் விரைந்து கெடுவானென எச்சரிக்கின்றார். மேலோட்டமாக நோக்குவார்க்கு முதலிரண்டும் முரண்பட்ட கூற்றுக்களாகத் தோன்றலாம். ஆயின், அஞ்சுதல் பற்றிய கருத்தை வள்ளுவர் படைச்செருக்கிலே வையாது அறிவுடைமையிலே வைத்தமை கவனிக்கத்தக்கது. எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது என்பதைத் தீர்மானிப்பது தோள்வலியின் வேலையன்று. அறிவின் வேலை என்பது அவர் கருத்தாகும்.

கிரேக்க மெய்யியலாளரான அரிஸ்டோட்டிலும் இதற்கு அண்மையான முடிவுக்கே வந்தார். தமது ‘நிக்கோமாக்கிய அறவியல்’ என்னும் நூலிலே துணிவைக் கோழைத்தனத்திற்கும் கண்மூடித்தனத்திற்கும் இடைப்பட்ட நிலையாக அவர் விளக்குகின்றார். எதற்குமே அஞ்சாதவனை வீரனென அவர் கொள்ளவில்லை; பித்தனென்றோ நோவை உணரமாட்டாதவனென்றோதான் கொள்கின்றார். மேலும், சில அச்சங்கள் மேன்மையானவை என்றும், பழிக்கு அஞ்சாதவன் நாணமற்றவன் என்றும் அவர் கூறுவார். தனிமனிதனைப் பொறுத்தவரையில் இக்கூற்றை மறுப்பார் இலர். தலைவன் ஒருவனின் பழியச்சமும் இவ்வாறே மேன்மையானதுதானா என்பதே ஈண்டு ஆராயப்படவேண்டியது. அதற்கு ஏதென்ஸ் நகரத்துப் படைத்தலைவர் நிக்கியாஸின் வரலாறு தக்க உரைகல்லாகும்.

கி.மு. 415இல் ஏதென்ஸ் மக்கள் சிசிலித் தீவின் மீது படையெடுக்க முடிவுசெய்தனர். அம்முடிவை மக்களவையிலே எதிர்த்துப் பேசிய நிக்கியாஸே அப்படையின் தலைவர்களுள் ஒருவராகவும் நியமிக்கப்பட்டார். சிராகியூஸ் நகரின் முற்றுகை பயனளிக்கவில்லை. கி.மு. 413இல் டெமொஸ்தெனீஸ் என்னும் தளபதி துணைப்படையுடன் வந்துசேர்ந்தார். அவர் நடத்திய இரவுத் தாக்குதலும் தோல்வியில் முடிந்தது. சதுப்பு நிலத்துப் பாசறையிலே நோய் பரவிக்கொண்டிருந்தது. கடல்வழி இன்னும் திறந்திருக்கையில் படையை மீட்டுக்கொண்டு திரும்புவதே அறிவுடைமையென டெமொஸ்தெனீஸ் வற்புறுத்தினார். நிக்கியாஸ் இணங்கவில்லை. இப்போது கதறும் இதே வீரர்கள் ஊர் திரும்பியதும் தளபதிகள் கையூட்டுப் பெற்றுத் திரும்பினர் என்பார்கள். இழிவான குற்றச்சாட்டின் பேரில் ஏதென்ஸ் மக்களின் கையில் இறப்பதிலும், பகைவரின் கையில் இறப்பதையே தாம் விரும்புவதாக அவர் வாதிட்டார் என வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகின்றார்.

நிலைமை மேலும் சீர்கெட்டபின் அவர் ஒருவாறு இணங்கினார். அவ்வேளையில் சந்திர கிரகணம் நிகழ்ந்தது. நிமித்திகரின் சொற்படி மூவொன்பது நாட்கள் கழியும்வரை புறப்படுவது பற்றிப் பேசவும் அவர் மறுத்தார். அதற்கிடையில் பகைவர் துறைமுகத்தின் வாயிலை அடைத்தனர். கப்பற்படை அழிந்தது. தரைவழியே பின்வாங்கியோர் 40,000 பேருக்குக் குறையார் என்கின்றார் துசிடிடீஸ். கொல்லப்பட்டோர் போக, 7,000 பேருக்குக் குறையாதோர் கைதிகளாகிக் கற்குழிகளில் அடைக்கப்பட்டனர். வெயிலும் பனியும் பசியும் தாகமும் அவர்களுட் பலரைக் கொன்றன.

இந்த நிக்கியாஸைக் கோழையென்று ஒதுக்கிவிட முடியாது என்பதிலேதான் இவ்வரலாற்றின் அவலம் தங்கியுள்ளது. சாவுக்கு அவர் அஞ்சவில்லை. பகைவரின் வாளுக்கு இரையாக அவர் ஆயத்தமாகவே இருந்தார். அவர் அஞ்சியது பழிக்கு. அரிஸ்டோட்டில் மேன்மையானதென்று கொள்ளும் அதே அச்சமே அவரை ஆட்கொண்டது. தம் பெயர் கெடாதிருத்தல் வேண்டும் என்ற விருப்பத்திற்கும் பல்லாயிரவரின் உயிருக்கும் இடையே ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டி வந்தபோது, அவர் தம்முடைய சாவோடு அவர்களுடைய சாவையும் சேர்த்துத் தீர்மானித்துவிட்டார். தன்னுயிரைக் கொடுக்கத் துணிந்தவனுக்குப் பிறருயிரையும் உடன்கொடுக்கும் உரிமை உண்டென்ற மயக்கம் தலைவர்களுக்கு எளிதில் ஏற்படுவது. தனிமனிதனிடத்தே நற்பண்பாகும் பழியச்சம், தலைவனிடத்தே முதலிடம் பெறும்போது குற்றமாகிவிடுகின்றது.

மெய்யியல் வரலாற்றிலே இதே நிக்கியாஸுக்கு மற்றுமோர் இடமுண்டு. பிளேட்டோ எழுதிய ‘லாக்கீஸ்’ என்னும் உரையாடலிலே துணிவின் இலக்கணம் யாதெனச் சோக்கிரதீஸ் வினவ, அஞ்சத்தக்கவை எவை, நம்பத்தக்கவை எவை என்னும் அறிவே துணிவு என விடையிறுப்பவர் அவரே. நிமித்திகன் படைத்தலைவனுக்கு ஆணையிடல் ஆகாது, படைத்தலைவனே நிமித்திகனுக்கு ஆணையிடல் வேண்டும் என்பதே நாட்டின் சட்டமென்று அவ்வுரையாடலிலே சோக்கிரதீஸ் அவருக்குக் கூறுகின்றார். சிசிலியில் நடந்தவற்றை நன்கறிந்தே பிளேட்டோ இவ்வாறு எழுதினார் என்பதில் ஐயமில்லை. இலக்கணம் தெரிந்திருந்தும் நெருக்கடி வேளையில் அது கைகொடாமற் போகலாம் என்பதை வாசகர் உய்த்துணருமாறு அவர் விட்டுவிடுகின்றார்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியொன்றை இந்திய விடுதலைப் போராட்டத்திலே காணலாம். சிறுவயதிலே கள்வருக்கும் பேய்க்கும் பாம்புக்கும் அஞ்சி இருளில் உறங்கமாட்டாதிருந்தவர் காந்தி என்பதை அவரது சுயசரிதையே கூறுகின்றது. 1922ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி சௌரி சௌராவிலே ஆத்திரமுற்ற கூட்டம் காவல் நிலையத்திற்குத் தீயிட்டதில் 20க்கும் மேற்பட்ட காவலர் மாண்டனர். பர்தோலியிலே பெருந்திரளான சட்டமறுப்பு தொடங்கவிருந்த வேளை அது. காந்தி இயக்கத்தை நிறுத்தினார். மோதிலால் நேரு, லாலா லஜபதிராய் முதலியோர் சிறையிலிருந்தவாறே மனம் புழுங்கினர். நாடு முழுவதும் எழுச்சியுற்றிருக்கையில் ஒரு மூலையில் நடந்ததற்காக எல்லாவற்றையும் கைவிடுவதா என்பது அவர்களின் கேள்வி. அடுத்த மாதமே காந்தி கைது செய்யப்பட்டு 6 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

கோழையெனப்படுவதற்கு அவர் அஞ்சவில்லை. தம் பெயரால் கொலை நிகழ்வதற்கு அஞ்சினார். நிக்கியாஸின் அச்ச வரிசை இங்கே தலைகீழாகியிருப்பதைக் காணலாம். எனினும், இதற்கும் ஒரு தடை எழுப்பலாம். காந்தியும் மக்களின் நலனைக் காட்டிலும் தமது கொள்கையின் தூய்மையையே காத்துக்கொண்டாரல்லரா? அதுவும் ஒருவகைத் தன்னலமன்றோ? இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அம்முடிவு சரியானதா என்பதில் வரலாற்றறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், முடிவின் சரிபிழை வேறு, அதனைத் தூண்டிய அச்சத்தின் தகுதி வேறு. நிக்கியாஸின் முடிவால் அவரது பெயர் பாதுகாப்பும், பிறர் ஆபத்தும் பெற்றனர். காந்தியின் முடிவால் ஆபத்துற்றது அவரது பெயரே. தான் அஞ்சுவது உண்மையாகிவிட்டால் இழப்பு யாருக்கு என்று தலைவன் தன்னைத்தானே வினவிக்கொள்வானாயின், தன் அச்சம் எத்தகையது என்பதை அவன் ஓரளவேனும் அறிந்துகொள்ளலாம்.

தன் அச்சத்தை இவ்வாறு ஆராயாத தலைவன் அதனைப் பிறர்மீது ஏற்றிவிடுகின்றான். வள்ளுவரின் மூன்றாவது எச்சரிக்கை இங்கேதான் பொருந்துகின்றது. சதிகாரர் சூழ்ந்திருப்பதாக அஞ்சிய ஸ்ராலின் 1937, 1938ஆம் ஆண்டுகளில் செஞ்சேனையின் அதிகாரிகளை ஆயிரக்கணக்கில் களையெடுத்தார். மார்ஷல்கள் ஐவருள் மூவர் உயிரிழந்தனர். இராணுவ உளவுத்துறைத் தலைவர் பதவியை வகித்தோரும் ஒருவர்பின் ஒருவராகச் சுட்டுக்கொல்லப்பட்டனர். 1941 மார்ச் மாதத்தில் அப்பதவியிலிருந்த கொலிக்கோவ், அவ்வசந்த காலத்தில் போர் மூளுமெனக் கூறும் செய்திகளைப் பிரித்தானிய அல்லது ஜேர்மனிய உளவுத்துறையின் பொய்ப் பிரசாரமாகவே கொள்ளவேண்டும் என்று அறிக்கையிட்டார். தலைவர் கேட்க விரும்பியது அதுவே. ஜூன் 22ஆம் திகதி ஜேர்மனியப் படைகள் எல்லை கடந்தபோது, எச்சரிக்கைகள் பல வந்திருந்தும் சோவியத் படைகள் ஆயத்தமற்றிருந்தன. அஞ்சவைக்கும் தலைவனை உண்மை அணுகுவதில்லை. உண்மை அணுகாதவனோ எதற்கு அஞ்சவேண்டும் என்பதை அறியும் வழியையே இழந்துவிடுகின்றான். தன்னை மறுத்துப் பேசுவோர் பாதுகாப்பாக வாழ இடமளித்தல் தலைவனின் பெருந்தன்மை மட்டுமன்று, அவனுடைய தேவையுமாகும்.

இனி, அச்சத்தை உணரும் தலைவன் அதனை வெளிக்காட்டலாமா, மறைக்கலாமா என்ற வினா எஞ்சுகின்றது. 27 ஆண்டுகளைச் சிறையிலே கழித்த நெல்சன் மண்டேலா, 1994இல் வெளிவந்த தமது வாழ்க்கை வரலாற்றிலே, தாம் எண்ணற்ற தடவைகள் அஞ்சியதாகவும் அதனைத் துணிவென்னும் முகமூடியினுள் மறைத்துக்கொண்டதாகவும் கூறுகின்றார். இது வஞ்சனையாகுமா? நடுக்கத்தை மறைப்பதையும் ஆபத்தை மறைப்பதையும் வேறுபடுத்தி நோக்கினால் விடை தெளிவாகும். புயலிலே தண்டயல் தன் கைநடுக்கத்தைக் காட்டாதிருப்பது தோணியிலுள்ளோர்க்குச் செய்யும் உதவி. தோணியில் ஓட்டை விழுந்திருப்பதைச் சொல்லாதிருப்பது துரோகம். இவ்வகையில் நிக்கியாஸுக்கும் ஒரு நியாயம் செய்தல் வேண்டும். சிசிலியிலிருந்து அவர் ஏதென்ஸுக்கு எழுதிய கடிதத்திலே படையின் இழிநிலையை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்து, நோயுற்ற தம்மைப் பதவியினின்றும் விடுவிக்குமாறு வேண்டினார். மக்கள் துணைப்படையை அனுப்பினரேயன்றி அவரை விடுவிக்கவில்லை.

இக்கடிதம் பிரச்சினையின் மறுபக்கத்திற்கு இட்டுச் செல்கின்றது. நிக்கியாஸின் அச்சம் வெறுங்கற்பனையன்று. கி.மு. 424இல் சிசிலியிலிருந்து சமாதானம் செய்துகொண்டு திரும்பிய தளபதிகள் மூவருள் இருவரை ஏதென்ஸ் நாடுகடத்தியது. மூன்றாமவருக்குத் தண்டம் விதித்தது. தண்டம் இறுத்த யூரிமெடோன், கி.மு. 413இல் நிக்கியாஸின் பக்கத்திலேயே தளபதியாக இருந்தார். உண்மையைச் சொல்லித் திரும்புவோரைத் தண்டிக்கும் சமுதாயம், பகைவரிலும் தன் சொந்த மக்களுக்கே அதிகம் அஞ்சும் தலைவர்களைப் பெறுகின்றது. பின்வாங்கலே இல்லாத தலைவன் வேண்டுமெனக் கைதட்டுவோர், பின்வாங்க வேண்டிய வேளையில் தம்மைக் காக்கக்கூடியவனின் வாயை அடைக்கின்றனர். தலைவனின் அச்சத்திற்குப் பின்செல்வோரும் பொறுப்பாளிகளே.

நிக்கியாஸ் இறுதியில் அச்சத்தின் வரிசையைச் சரியாகக் கண்டுகொண்டார். ஆற்றங்கரையிலே அவருடைய வீரர்கள் வெட்டி வீழ்த்தப்படுகையில், தம்மை என்ன செய்யினும் செய்க, வீரரைக் கொல்வதை நிறுத்துக என வேண்டிச் சரணடைந்தார். சில வாரங்களுக்கு முன் அவருக்கு இந்நினைவு வந்திருப்பின் அப்படை வீடு திரும்பியிருக்கும்.

ஏதென்ஸ் மக்களோ கற்றுக்கொள்ளவில்லை. கி.மு. 406இல் ஆர்கினுசேக் கடற்போரிலே வெற்றிபெற்ற தளபதிகள், மூழ்கிய கப்பல்களின் வீரரை மீட்கத் தவறினர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டனர். அவர்கள் எல்லோரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்கும் சட்டவிரோதமான பிரேரணை கொண்டுவரப்பட்டது. மக்களவையை நடத்தும் குழுவினர் கூட்டத்தின் கூச்சலுக்கு அஞ்சிப் பணிந்தனர். குழுவிலிருந்த ஒருவர் மட்டும் இறுதிவரை உடன்பட மறுத்தார். துணிவு யாதென நிக்கியாஸிடம் வினவியவராகப் பிளேட்டோ காட்டும் சோக்கிரதீஸே அவர். தளபதிகள் அறுவர் கொல்லப்பட்டனர்; அவரது மறுப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆயினும், அன்று அவரைப்போல் மறுக்க இன்னும் பலர் இருந்திருப்பின், ஏதென்ஸின் படைத்தலைவர்கள் தம் மக்களுக்கு அஞ்சவேண்டிய தேவை இருந்திராது.