லட்சத்தில் ஒன்று

செங்கல் சுவரைக் கணினிக்குள் கட்டுவது சுலபமில்லை. அது ஒரே பொருள் இல்லை. செங்கல்லும் சாந்தும் சேரும் ஒவ்வொரு கோடும் பிளக்கலாம், வழுக்கலாம். நெதர்லாந்தின் குரோனிங்கன் பகுதியில் பல வீடுகளுக்கு மெல்லிய இரட்டைச் சுவர், நடுவே இடைவெளி, இரண்டையும் பிணைக்கச் சிறு கம்பிகள்.

அங்கே நிலம் தானாக நடுங்கவில்லை. எரிவாயு எடுத்ததால் நடுங்கியது. 2012இல் ஹுய்சிங்கே அருகே 3.6 அளவில் அதிர்ந்தது. பிறகு இத்தாலியின் பாவியாவில் அதேபோன்ற வீட்டை முழு அளவில் கட்டி, அதிர்வு மேடையில் குலுக்கி, கணினி மாதிரிகளைச் சரிபார்த்தார்கள்.

இந்த அதிர்வுக்கு இந்தச் சுவர் விழ எவ்வளவு வாய்ப்பு? மாதிரி சொல்வது அவ்வளவுதான். எது ‘பாதுகாப்பு’ என்று அதற்குத் தெரியாது. அந்த எல்லையை அரசு வைத்தது: வீட்டிலிருப்பவர் நிலநடுக்கத்தில் சாகும் வாய்ப்பு ஆண்டுக்கு லட்சத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது.

எல்லை இல்லாமல் எந்த வீட்டையும் கட்ட முடியாது, உண்மைதான். ஆனால் மலையேறுகிறவர் தானே விரும்பி ஏற்கும் லட்சத்தில் ஒன்றும், யார் யார் வீடோ கதகதப்பாக இருக்க என் தலைமேல் வைக்கப்படும் லட்சத்தில் ஒன்றும் ஒன்றா? கணக்கில் ஒன்று. நியாயத்தில் இல்லை.

உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்த 2018இல் முடிவானது. அதன்பின் பல வீடுகள், ஒரு செங்கல்கூட மாறாமல், பலப்படுத்தத் தேவையில்லாதவை ஆயின. கணக்கு சரியாகவே இருக்கலாம். மென்பொருள்காரர்கள் நாங்கள் ‘சிஸ்டம் அப்படித்தான் சொல்லுது’ என்போம். சிஸ்டம் எதையும் சொல்வதில்லை. எல்லையை வைத்தவர்தான் சொல்கிறார். விரிசலுக்குக் கீழே படுத்திருப்பவரின் முகத்தைப் பார்த்து அவரே அதைச் சொல்லட்டும்.