எறும்பும் ஓர் உம்மத்துதான்!



திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் வேங்கிக்கால் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ள இடம் என்றால் யாருக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அங்குள்ள ஏரியில் நீர் ஏறும். சுற்றியுள்ள தாழ்ந்த மண்ணெல்லாம் ஊறிப் போகும். மண்ணுக்குள் குடியிருக்கும் எறும்புகள் தங்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் கவ்விக்கொண்டு மேடு தேடிப் புறப்படும். அவற்றுக்கு மேடு எது? நம் வீட்டுத் தரைதான், சுவர் வெடிப்புதான், அரிசிப் பானைதான்!

அப்படியொரு மழைக் காலத்தில், அங்கே ஒரு வீட்டில் பெண்களுக்கான பயான் முடிந்தபோது, திரைக்கு அப்பாலிருந்து ஒரு தாய் கேட்டார்: “ஹஜ்ரத்! தூளியில் தூங்கிய என் பிள்ளையை எறும்பு மொய்த்துவிட்டது. முகமெல்லாம் தடித்துப் போயிற்று. மாமியார், எறும்பைக் கொல்லாதே, பாவம் என்கிறார்கள். வீட்டுக்காரரோ மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடுகிறேன் என்று நிற்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?”

“கடித்தால் கொல்லலாம் அம்மா” என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீடு திரும்பிய பின் மனம் உறுத்தியது. அந்தத் தாய் கேட்டது கொல்லலாமா, கூடாதா என்பதை மட்டுமா? பிள்ளையையும் காக்க வேண்டும், மறுமையில் பதிலும் சொல்ல வேண்டும் என்ற அச்சத்தோடு அல்லவா கேட்டார்! அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

அல்லாஹு தஆலா தன் திருமறையின் 27-ஆவது அத்தியாயத்துக்கு ‘அந்நம்லு’, அதாவது எறும்பு என்றே பெயர் விளங்கச் செய்திருக்கிறான். நபி சுலைமான் (அலை) அவர்கள் பெரும்படையோடு எறும்புகளின் பள்ளத்தாக்குக்கு வந்தபோது, ஓர் எறும்பு தன் இனத்தாரைக் கூவியழைத்துப் புற்றுகளுக்குள் போய்விடும்படி எச்சரித்தது. சுலைமானும் அவருடைய படையினரும் தம்மை அறியாமலே மிதித்துவிடக் கூடும் என்றது. ‘அறியாமலே’ என்று அந்தச் சிற்றுயிர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு சொன்னது பாருங்கள்! அதைக் கேட்ட நபியவர்கள் புன்முறுவல் பூத்து, தமக்கு அருளப்பட்டவற்றுக்கு நன்றி செலுத்தும் பாக்கியத்தை இறைவனிடம் கேட்டார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் காண்கிறோம். முன்னொரு காலத்தில் ஒரு நபியை எறும்பு ஒன்று கடித்தது. அவர்கள் அந்தப் புற்றையே எரிக்கச் செய்தார்கள். கடித்தது ஓர் எறும்பு. தன்னைத் துதிக்கும் ஓர் உம்மத்தையே எரித்துவிட்டீரே என்று இறைவன் அவர்களைக் கண்டித்தான். கடித்த அந்த ஒன்றோடு நிறுத்தியிருக்கக் கூடாதா என்ற கேள்வியும் அதில் வருகிறது.

நம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில், தோழர்கள் எரித்துவிட்ட எறும்புப் புற்றைக் கண்டார்கள். எரித்தவர் யார் என்று விசாரித்து, நெருப்பைக் கொண்டு தண்டிக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்கே உண்டு என்று அருளினார்கள். இது அபூதாவூதில் உள்ளது. ஆகவே அந்த வீட்டுக்காரர் மண்ணெண்ணெயைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்! கொதிக்கும் நீரைப் புற்றில் ஊற்றுவதும் சுட்டுக் கொல்வதுதானே? அதையும் தவிர்த்துக் கொள்ளுங்கள்.

அப்படியானால் மாமியார் சொன்னது முழுச் சரியா? எறும்பு, தேனீ, கொண்டலாத்தி, கீச்சான் குருவி ஆகிய நான்கையும் கொல்வதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆனால் தொல்லை தரும் எறும்பின் நிலை என்ன என்பதை மார்க்க அறிஞர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஔரங்கசீப் காலத்தில் தொகுக்கப்பட்ட ‘ஃபதாவா ஆலம்கீரி’ என்னும் ஹனஃபீ சட்ட நூலின் தீர்ப்பு இது: எறும்பு தானாக வந்து துன்பம் கொடுத்தால் கொல்வதில் குற்றமில்லை, துன்பம் தராததைக் கொல்வது மக்ரூஹ், எந்நிலையிலும் அதைத் தண்ணீரில் எறிவது மக்ரூஹ்.

துன்பம் மெய்யாகவே வரும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2022-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தை அடுத்த கரந்தமலை அடிவார ஊர்களில் மஞ்சள் நிற எறும்புகள் கூட்டங்கூட்டமாகப் பெருகின. அவை கொட்டுவதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். அது பட்டு ஆடுமாடுகளின் கண்கள் கெட்டன. மனிதர்களின் தோலில் அரிப்பு உண்டாயிற்று. அத்தகைய துன்பத்தைப் பொறுத்துக்கொண்டு கிடக்கும்படி மார்க்கம் யாருக்கும் சொல்லவில்லை.

ஆனால், சகோதரர்களே! நம் வீட்டு எறும்பு தானாகவா வந்தது? நாமல்லவா அழைத்தோம்! உணவு தேடி வரும் ஒற்றை எறும்பு, சிந்திய சர்க்கரையைக் கண்டதும் திரும்பும் வழியெல்லாம் ஒரு வாசனையைத் தடவிக்கொண்டே போகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவை சாரிசாரியாக வருகின்றன. கண்ணில் படுபவற்றை நசுக்கிப் பயனில்லை. ராணி எறும்பு புற்றுக்குள் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். செத்தவற்றுக்குப் பதில் புதியவை வந்துகொண்டே இருக்கும்.

இங்கேதான் நம் நாயகத்தின் சுன்னத்து நமக்குக் கைகொடுக்கிறது. உணவுக் கவளம் கீழே விழுந்தால் எடுத்து, தூசியை நீக்கி உண்ணச் சொன்னார்கள். தட்டை வழித்து உண்ணச் சொன்னார்கள். இரவில் பாத்திரங்களை, அல்லாஹ்வின் பெயர் கூறி, மூடி வைக்கச் சொன்னார்கள். இம்மூன்றையும் பேணும் வீட்டில் எறும்புக்கு என்ன வேலை? நோன்பு திறந்ததும் சுப்ராவை உதறாமல் மடித்து வைத்து, பேரீச்சங் கொட்டையையும் சர்பத் டம்ளரையும் விடியும்வரை அப்படியே போட்டுவிட்டு, ஸஹரில் எழுந்து எறும்பைத் திட்டுவது நியாயமா?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எறும்புச் சாரியைக் கண்டால், அது எங்கிருந்து வருகிறது, எதைத் தேடி வருகிறது என்று முதலில் பாருங்கள். தேடி வந்த பண்டத்தை அகற்றுங்கள். எறும்புகளைத் துடைப்பத்தால் மெல்ல ஒதுக்கி வெளியே விட்டு, சோப்புத் தண்ணீரால் அந்த வழியைத் துடையுங்கள். வாசனை அழிந்தால் வழியும் அழிந்தது. அவை நுழையும் வெடிப்பைச் சிமெண்டால் அடையுங்கள். சர்க்கரையை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். அலமாரிக் கால்களின் கீழ் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். அது வேலிதான், எறும்பு கரையிலேயே திரும்பிவிடும். ஆனால் டெங்குக் கொசு அதில் முட்டையிடும். வாரம் ஒருமுறை கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுங்கள்.

பிள்ளை பால் குடித்ததும் வாயையும் கழுத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பால் சிந்திய தூளிச் சேலையை மாற்றுங்கள். தூளி தொங்கும் கொக்கியில் வாஸலின் தடவி, காயக் காய மறுபடி தடவினால் எறும்பு அதைத் தாண்டி இறங்காது. தூளிக்கடியில் மருந்துப் பொடி தூவுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்!

முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு கமாக்ஸின் பொடி இருந்தது. அதிலிருந்த பி.எச்.சி. என்னும் நஞ்சை நம் நாட்டில் 1997-இல் தடை செய்தார்கள். அதன் வகையான லிண்டேனின் பயன்பாடும் 2013-இல் நின்றது. எங்காவது பழைய டப்பா கிடந்தால் தொடாதீர்கள். இன்று விற்கும் எறும்பு சாக்பீஸும் நஞ்சுதான். பள்ளிக்கூடச் சாக்பீஸ் என்றெண்ணிப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடும். பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம் அல்லவா?

இவ்வளவும் செய்த பிறகும் வீட்டுச் சுவருக்குள்ளேயே குடியேறிக் கடிப்பவை இருந்தால், அப்போது கடைசி வழி. 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, மருந்துக்கடையில் விற்கும் போரிக் பவுடர் ஒரு கிராம் கரைத்து, பஞ்சில் நனைத்து, பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில், சாரியின் ஓரம் வையுங்கள். அளவைக் கூட்டினால் எடுத்துச் செல்லும் எறும்பு வழியிலேயே செத்துவிடும். புற்றுக்குப் போய்ச் சேராது. பலன் தெரியச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். இது ஒரு குடியையே அழிக்கும் காரியம் என்பதை மறவாதீர்கள். ஓர் எறும்பு கடித்த கோபத்தில் இதைச் செய்யாதீர்கள். வேறு வழியில்லை என்ற நிலையில் மட்டுமே செய்யுங்கள். முற்றத்து மரத்தடியிலும் தோட்டத்திலும் தம் பாட்டில் திரிபவற்றிடம் உங்கள் கை போகவே கூடாது.

இன்னொன்று. “எறும்பு தின்றால் கண் தெரியும்” என்று சொல்லி, எறும்போடு தேநீரைக் குடித்துவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. எறும்பு ஹலாலான உணவன்று. அதை எடுத்துவிட்டுக் குடியுங்கள். ஓடும் இரத்தமில்லாத சிற்றுயிர் விழுவதால் பானம் நஜீஸ் ஆகிவிடாது. சர்க்கரையில் எறும்பு ஏறிவிட்டால் கொட்டிவிடாதீர்கள்; தட்டில் பரப்பிக் காற்றாட வைத்தால் தானே இறங்கிப் போய்விடும்.

அந்த வேங்கிக்கால் தாய்க்கு இப்போது பதில் சொல்கிறேன். அம்மா! உங்கள் மாமியாரிடம் இருக்கும் இரக்கமும் வேண்டும். பிள்ளைக்காகத் துடித்த உங்கள் வீட்டுக்காரரின் அக்கறையும் வேண்டும். இரண்டையும் ஒன்று சேர்ப்பது துடைத்த தரையும் மூடிய பாத்திரமும்தான். நம் வீடு சுத்தமாக இருந்தால் பிள்ளையும் நிம்மதியாக உறங்கும், எறும்பும் தன் புற்றில் தன் இறைவனைத் துதித்துக்கொண்டிருக்கும்.

சிற்றுயிரிடத்தும் நீதி தவறாத நன்மக்களாக வல்ல நாயன் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.