பொறுத்தலும் மறத்தலும்

தீங்கு செய்தவரைப் பொறுத்தல் அறமா, ஒறுத்தல் அறமா என்னும் வினா மிகப் பழமையானது. போர் ஓய்ந்த நாடுகளில் எல்லாம் அது மீண்டும் எழுகின்றது. பழையதைக் கிளறினால் பகை வளரும், மறந்துவிடுவதே அமைதிக்கு வழி என்பர் ஒரு சாரார். நீதி கிடைக்காத இடத்தில் அமைதி நிலைக்காது என்பர் மற்றொரு சாரார். இவற்றுள் எதனை மாணவர்க்குக் கற்பிப்பது? மலேசியத் தமிழாசிரியர்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. அவர்தம் மாணவரின் குடும்ப வரலாற்றோடு பிணைந்தது.

லங்காட் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்திருப்பது கேரி தீவு. முதலில் இரப்பரும் பின்னர்ச் செம்பனையும் தழைத்த அத்தீவின் தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அதற்குத் தெற்கே, அதே கோலா லங்காட் மாவட்டத்து மோரிப் கடற்கரையில் 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் படைகள் கரையேறின. மூன்றரை ஆண்டுக்கால ஜப்பானியர் ஆட்சி முடிந்தது. ஆயினும் மலாயாவின் தோட்டப்புறங்களில் துயரம் முடியவில்லை. சயாமுக்குச் சென்ற கணவனும் மகனும் திரும்புவர் என வழிபார்த்திருந்த பெண்கள் பல்லாயிரவர்.

1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையை ஜப்பானியப் படை அமைத்தது. அப்பணியில் 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களுள் இறந்தோர் 90,000 வரை இருக்கலாம் என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். மலாயாவிலிருந்து சென்றவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர் உண்டு, வயது உண்டு. வாந்திபேதியில் வீழ்ந்த தமிழனுக்கோ காட்டுக்குழியே கல்லறையாயிற்று. இறந்தவர் எத்தனை பேர் என்பதே இன்றளவும் மதிப்பீடாக நிற்பதுதான் அவர்களுக்கு இழைக்கப்பட்ட இரண்டாவது அநீதி.

போருக்குப் பின் நீதி வழங்கப்படவில்லையா? வழங்கப்பட்டது. சிங்கப்பூரில் போர்க்குற்ற விசாரணைகள் நடந்தன. அவற்றுள் போர்க்கைதிகள் பட்ட துன்பமே முதலிடம் பெற்றது. 1967ஆம் ஆண்டில் ஜப்பானும் மலேசியாவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 25 மில்லியன் வெள்ளி மதிப்புள்ள உதவி கப்பல்களாக வந்தது. போர்க்காலக் கணக்கு முற்றும் தீர்ந்ததாக இரு அரசுகளும் கையொப்பமிட்டன. 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு, தூரக்கிழக்கில் சிறைப்பட்டு உயிரோடு எஞ்சியிருந்த தன் வீரர் ஒவ்வொருவருக்கும் 10,000 பவுன் அளித்தது. சயாமிலிருந்து மீண்ட தோட்டத் தொழிலாளியின் குடிசைக் கதவை எவரும் தட்டவில்லை.

இவ்விடத்தில் வள்ளுவரை முன்னிறுத்தி ஒரு தடை எழுப்பப்படலாம். பிறர் செய்த மிகையைப் பொறுப்பது நன்று. அதனை மறந்துவிடுவது அதனினும் நன்று என்பதன்றோ அவர் வாக்கு? உண்மைதான். ஆயினும் அவர் அதனை எங்கு வைத்தார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொறையுடைமை இல்லறவியலில் உள்ளது. அது தீங்குற்ற தனிமனிதனை நோக்கியது. அரசனை நோக்கிய பொருட்பாலில், ஆராய்ந்து, ஒருபால் சாயாது நீதி செய்யும் செங்கோன்மையையே அவர் வலியுறுத்தினார். பொறுத்தல் பாதிக்கப்பட்டவனின் உரிமை. நீதி செய்தல் அரசின் கடமை. பாதிக்கப்பட்டவனைக் கேளாமல் அவன் சார்பில் அரசு பொறுத்துக்கொள்வது அருளன்று. கடமையில் வழுவுதலே ஆகும்.

மெய்யான மன்னிப்புக்கும் சான்று உண்டு. அதே இருப்புப்பாதையில் கைதியாகச் சித்திரவதைக்குள்ளான எரிக் லோமாக்ஸ், அவ்விசாரணையில் மொழிபெயர்ப்பாளராக இருந்த நகாசே தகாஷியை 1993ஆம் ஆண்டு காஞ்சனபுரியில் சந்தித்தார். நகாசே நடந்ததை மறுக்கவில்லை; வருந்தினார். லோமாக்ஸ் மன்னித்தார். முதலில் உண்மை, அடுத்து வருத்தம், அதன் பின்னரே மன்னிப்பு. இலங்கையில் 2009ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னரும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017ஆம் ஆண்டு வீதியோரத்தில் தொடர் போராட்டம் தொடங்கினர். 'எங்கள் பிள்ளைகள் எங்கே?' என்னும் அவர்கள் கேள்வியும் உண்மையையே முதலில் நாடுகின்றது.

இங்குதான் பள்ளியின் பணி தொடங்குகின்றது. அமைதிக் கல்வி என்பது புண்ணை மூடி மறைப்பதன்று. பகையை ஊட்டுவதும் அன்று. ஜப்பானியர் அனைவரும் கொடியவர் என்று கற்பிப்பது எளிது. அது பொய்யும் ஆகும். தோட்டத்திற்கு இத்தனை பேர் என ஆள் கேட்கப்பட்டபோது, பெயர்ப்பட்டியல் எழுதிய கைகளுள் தமிழர் கைகளும் இருந்தன. அச்சத்தாலோ ஆசையாலோ மனிதன் கொடுமைக்குத் துணைபோவது எவ்வாறு என்பதையும் மாணவன் அறிதல் வேண்டும். தன் இனத்தின் துன்பத்தை மட்டும் கற்றவன் பழிவாங்க எழுவான். தன் இனத்தின் பிழையையும் சேர்த்துக் கற்றவனே பிறர் துன்பத்தையும் உணர்வான்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்களை வகுப்பில் படிக்கலாம். சயாமுக்குச் சென்ற உறவினரின் பெயர்களை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதிவர மாணவரைப் பணிக்கலாம். 2023ஆம் ஆண்டு காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. வீழ்ந்தவனின் பெயரையும் பெருமையையும் கல்லில் பொறிப்பது பண்டைத் தமிழர் மரபு. அக்கல்லில் பொறிக்க இயலாத பெயர்களைத் தேடித் தொகுப்பது தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் கடன். கேட்டுச் சொல்லத்தக்க முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்; அப்பணியைத் தள்ளிப்போடல் ஆகாது.