திரை கருப்பானால் படம் இல்லையா?

ஐபோனில் எடுத்த வீடியோவை விண்டோஸ் 10 கணினியில் திறந்தால் சில சமயம் பேச்சு மட்டும் கேட்கும், திரை கருப்பாகவே கிடக்கும். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் பல ஐபோன்கள் வழக்கமாகப் படத்தை ஹெச்இவிசி முறையில் சுருக்கிப் பதிகின்றன. அதை விரிக்கும் கோடெக் பல கணினிகளில் இல்லை. ஒலிக்கு வேறு கோடெக் என்பதால் அது தப்பிவிடுகிறது. ‘ஃபைல் கெட்டுப்போச்சு’ என்று அழிப்பவர், தெரியாமலே ஒரு பழைய வழக்கில் தீர்ப்பு எழுதுகிறார்: காணவில்லை, ஆகவே இல்லை.

இந்தத் தீர்ப்பு எப்போதுமே தவறு என்று சொல்லிவிட முடியாது. குமாரிலரின் வழிவந்த மீமாம்சகர்கள் காணாமையை ஆறாவது பிரமாணமாகவே, அதாவது அறியும் வழியாகவே, வைத்தார்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவைப் பட்டியலிலும் அபாவம் என்ற பெயரில் அது உண்டு. தரையில் குடம் இல்லை என்பது குடத்தைக் காணாததால்தான் தெரிகிறது. ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு: இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இருட்டறையில் அந்த வாதம் செல்லாது. ஏழாம் நூற்றாண்டுப் பௌத்தரான தர்மகீர்த்தி காணாமையை அனுமானத்தில் அடக்கினாலும் இந்த நிபந்தனையில் கறாராக இருந்தார். பிசாசைப் போல இயல்பிலேயே கண்ணுக்கு எட்டாததைக் காணவில்லை என்றால் மிஞ்சுவது ஐயம்தான், இன்மை அல்ல. ‘கடவுளை யாரும் கண்டதில்லை, அதனால் இல்லை’ என்பவர் இந்த இடத்தைத் தாண்டியாக வேண்டும்.

அப்படியானால் எவரும் எதையும் சொல்லிவிட்டு, ‘உன்னிடம் கோடெக் இல்லை’ என்று தப்பிக்கலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கணினியில் அந்தப் பேச்சு தோற்கவும் கூடும். எந்தக் கோடெக் வேண்டும் என்பது ஃபைலிலேயே பதிவாகியிருக்கிறது. மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருள் அதைப் படித்துச் சொல்லும். தனக்கென்று கோடெக்குகளை வைத்திருக்கும் விஎல்சி பிளேயரில் போட்டால் யார் பார்த்தாலும் அதே படம்தான். பதிவு பாதியில் அறுந்து, ஃபைலின் அட்டவணைப் பகுதி எழுதப்படாமலே போயிருந்தால், எந்தக் கோடெக்கை நிறுவினாலும் அது ஓடாது. சமய அனுபவத்தில் இப்படித் தோற்கும் இடம் எது? தியானத்தில் ஆழ்ந்த சைவர் சிவனைக் கண்டேன் என்கிறார், பௌத்தர் ஆன்மா என்று ஒன்றைக் காணவில்லை என்கிறார். ஆன்மிகப் பயிற்சிக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பது பதிலாகாது. தாமதத்தை யாரும் குறை சொல்லவில்லை; தோற்கும் இடம் இல்லை என்பதே குறை. ஐயம் மிஞ்சுகிறது என்பதை நம்பிக்கையாளர் தம் வெற்றியாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. தர்மகீர்த்தியே ஈசுவரனை மறுத்தவர். அந்த மறுப்புக்கு அவர் காணாமையை நம்பியிருக்கவில்லை: என்றும் மாறாத ஒன்று, ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் பொருள்களுக்குக் காரணமாக முடியாது என்று வாதிட்டார்.