விழித்திருப்பது யாருக்காக?

இரவில் நெடுநேரம் கண்விழிக்கும் பழக்கமுடையோரை ஆங்கிலேயர் 'நைட் அவுல்' என்பர். இரவு ஆந்தை என்பது அதன் பொருள். நம் வீடுகளில் அத்தகையோரை 'இராக்கோழி' என்று கேலி செய்வதுண்டு. பெயர் வேடிக்கையானதுதான். ஆனால் அதைச் சூட்டும்போது ஒருவர் உறங்கும் வேளையை மட்டுமா குறிக்கிறோம்? அவருடைய குணத்தையும் சேர்த்தே தீர்ப்பிட்டு விடுகிறோம். விடியலில் எழுபவர் ஒழுக்கமுடையவர், உழைப்பாளி; நள்ளிரவு வரை விழித்திருப்பவர் சோம்பேறி, பொறுப்பற்றவர். இத்தீர்ப்பு நீதியானதுதானா?

ஆங்கிலச் சொல்லின் பழைய நிழலும் இருண்டதே. 1594-இல் வெளிவந்த 'லூக்ரீஸ்' காவியத்தில், உறங்கும் குற்றமற்ற பெண்ணுக்குத் தீங்கிழைக்க இருளில் நடக்கும் கொடியவனையே ஷேக்ஸ்பியர் இரவு ஆந்தை என்று குறிப்பிடுகிறார். அதே ஆந்தையைப் பண்டைய கிரேக்கர் அறிவுத் தெய்வமான அதீனாவின் பறவையாகக் கொண்டாடினர். ஏதென்சு நகரத்தின் வெள்ளி நாணயங்களில் அதன் உருவத்தைப் பொறித்தனர். பறவை ஒன்றே, காண்போர் கண்தான் வேறு.

அதிகாலையில் எழுதலுக்கு நாம் சூட்டும் புகழும் சற்று ஆராயத்தக்கது. முன்னிரவில் உறங்கி முன்காலையில் எழுவோர் உடல்நலமும் செல்வமும் அறிவும் பெறுவர் என்னும் பழமொழியை 1735-ஆம் ஆண்டின் தம் பஞ்சாங்கத்தில் வெளியிட்டுப் பரப்பியவர் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின். அவரே 1784-இல் பாரிசு நகர நாளிதழ் ஒன்றுக்கு நகைச்சுவை மடல் ஒன்று வரைந்தார். பாரிசு மக்கள் கதிரவனோடு எழுந்தால் எவ்வளவு மெழுகுவர்த்தி மிச்சமாகும் என்று அதில் கணக்கிட்டார். கோயில் மணிகள் எழுப்பத் தவறினால் தெருத்தெருவாய்ப் பீரங்கி முழக்கலாம் என்று யோசனையும் கூறினார்! நகைச்சுவையேயாயினும் அதில் ஓர் உண்மை உண்டு. விளக்கெரிக்கப் பொருளில்லாத காலத்தில் வெளிச்சத்தில் உழைத்து இருளில் உறங்குவது சிக்கனம். அச்சிக்கனமே நாளடைவில் அறத்தின் ஆடையையும் உடுத்திக்கொண்டது எனலாம்.

இன்று அறிவியல் இவ்வழக்கில் புதிய சாட்சியாக வந்து நிற்கிறது. உயிர்களின் உடலுக்குள் நாழிகை காட்டும் கடிகாரம் ஒன்று இயங்குகிறது. அதை ஆளும் மரபணுவின் தடயத்தைப் பழ ஈக்களில் 1971-இல் கண்டறிந்தனர். அதன் செயல்முறையை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவர் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். இக்கடிகாரம் எல்லாருக்கும் ஒன்றுபோல் ஓடுவதில்லை. பிறவியும் அதை மாற்றுகிறது, வயதும் மாற்றுகிறது. வளரிளம் பருவத்தில் உறக்கம் பிந்தி வரும். முதுமையில் முந்தி வரும். விடியலில் எழுந்த தாத்தா, உறங்கும் பேரனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளும்போது, இரு வயதுகளின் கடிகாரங்களே பெரும்பாலும் மோதிக்கொள்கின்றன.

இந்த வேறுபாட்டினால் பயனுமுண்டோ? 2017-இல் வெளியான ஓர் ஆய்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தான்சானியா நாட்டில் வேட்டையாடியும் கிழங்கும் கனியும் திரட்டியும் வாழும் ஹாட்சா மக்களுள் 33 பேரின் உறக்கத்தை 20 நாட்கள் அளந்தனர். அத்தனை இரவுகளிலும் அனைவரும் ஒருசேர உறங்கிய நேரம் ஏறத்தாழ 18 நிமிடங்களே. முந்தி உறங்குவோரும் பிந்தி உறங்குவோரும் கலந்து வாழ்ந்ததால், எவரேனும் ஒருவர் விழித்தேயிருந்தார். ஆதிமனிதக் கூட்டத்துக்கு இதுவே இயற்கைக் காவலாய் அமைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அப்படியாயின், நாம் ஏசும் 'ஆந்தை' நம் முன்னோரின் உறக்கத்தைக் காத்தவரல்லவா?

எனில், விழித்திருப்போர் அனைவரும் குற்றமற்றவர் என்று சொல்லிவிடலாமா? அங்குதான் அறத்தின் வினா தொடங்குகிறது. பிறவியின் இயல்பு வேறு. பழக்கத்தின் அடிமைத்தனம் வேறு. கைப்பேசியின் ஒளியில் இரண்டு மணி வரை கரைந்துவிட்டு, 'என் இயல்பு இது' என்று சொல்பவரின் வீட்டில், அவருக்காகச் சோற்றை மூடிவைத்துக் காத்திருக்கும் தாய் ஒருத்தி இருக்கலாம். அவர் கண்விழித்ததன் விலையை அவளும் சேர்ந்தே செலுத்துகிறாள்.

மற்றொரு கூட்டமும் உண்டு. ஆலையிலும் மருத்துவமனையிலும் காவல் கூண்டிலும் வயிற்றுப்பாட்டுக்காக இரவைப் பகலாக்குவோர் அவர்கள். இரவுப்பணி புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் வகைப்படுத்தியது. 2019-இல் அதை மீண்டும் உறுதி செய்தது. இவர்களை 'ஆந்தைகள்' என்று நகையாடுவது பொருந்தாது. நாம் நிம்மதியாய் உறங்குவது அவர்கள் உறக்கத்தை விற்றதனால் அன்றோ? அந்த விற்பனைக்கு நாம் தரும் விலை நியாயமானதா என்று எண்ணிப் பார்ப்பதே நம் கடன்.

இங்கே ஒருவரை நினைவுகூரலாம். 1850-இல் ஏதென்சு நகரில், சிறுவர் கையில் சிக்கித் துன்புற்ற ஆந்தைக் குஞ்சு ஒன்றை மீட்டு, அதீனா என்று பெயரிட்டு வளர்த்தார் பிளாரன்சு நைட்டிங்கேல். 1854-இல் அவர் கிரிமியப் போரின் காயமுற்றோரைப் பேணப் புறப்பட்ட வேளையில் அப்பறவை இறந்தது. ஆனால் ஸ்கூட்டாரி மருத்துவமனையின் நெடிய கூடங்களில், மற்றவர் உறங்கிய பின்னும் கைவிளக்கேந்தி நோயாளர் படுக்கைகளிடையே அவர் நடந்தார். ஷேக்ஸ்பியரின் கொடியவனும் இரவில்தான் நடந்தான். இவரும் இரவில்தான் நடந்தார். இருவருக்கும் வேளை ஒன்றே. ஒருவர் நடை உறங்குபவரை அழிக்கச் சென்றது. மற்றவர் நடை உறங்க இயலாதவரைத் தேற்றச் சென்றது.

வள்ளுவரும் காலமறிதலைப் பேசத் தொடங்குகையில் முதற்குறளிலேயே காக்கையையும் கூகையையும் நம்முன் நிறுத்துகிறார். பகலில் காக்கை வெல்கிறதென்றால் கூகை வலிமையற்றது என்பதன்று. அது கூகையின் வேளையன்று. காக்கையின் பொழுதில் நின்றுகொண்டு கூகையை இகழ்வது எளிது. நம் இல்லத்தில் இரவு நெடுநேரம் விளக்கெரிந்தால், மணி என்ன என்று கேட்கும் முன் வேறொன்றைக் கேட்போம்: இந்த விழிப்பு யாரைக் காக்கிறது, யாரை வருத்துகிறது? அதிகாலையில் எழுந்தோர் தம்மிடமும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்வது நலம்.