விஞ்ஞானத்தின் பொறுப்பை அளப்பது எங்ஙனம்?

விஞ்ஞான ஆராய்ச்சியின் பெருமையை உலகம் பலவாறாக அளக்கின்றது. கட்டுரைகள் எத்தனை வெளிவந்தன, காப்புரிமைகள் எத்தனை கிடைத்தன, பொருள் எவ்வளவு ஈட்டப்பெற்றது என எண்ணிப் பட்டியலிடுகின்றது. இவை திறமையை அளப்பன. பொறுப்பை அளப்பன அல்ல. ஓர் ஆராய்ச்சி மக்களுக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா என்று அறிதற்குரிய அளவுகோல் யாது? பகுத்தறிவை வழிகாட்டியாகக் கொண்ட பௌத்தர்களாகிய நாம் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

நல்லெண்ணமே போதிய அளவுகோல் என்பர் சிலர். எண்ணமே வினையென்று பகவன் புத்தர் போதித்தார் அன்றோ? நன்மை கருதி உழைத்த விஞ்ஞானியின் மேல் பழி சுமத்துதல் தகுமோ? இவ்வாறு அவர்கள் வினவுவர். இக்கூற்றை ஓர் உண்மை நிகழ்ச்சியில் வைத்துச் சோதிப்போம்.

பொற்சுரங்கத்தில் பாறையைத் துளைக்குங்கால் எழும் சிலிக்காத் தூசு, நுரையீரலில் படிந்து தழும்பாகி, மூச்சை அடைக்கும். இந்நோயைச் சிலிக்கோசிஸ் என்பர். கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் மெக்கின்டயர் சுரங்கத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் இதற்கு ஒரு தடுப்பு முறை கண்டனர். அலுமினிய நுண்பொடியைச் சுவாசித்தால் சிலிக்காவின் தீமை தணியும் என்று விலங்குகளின் மேல் செய்த சோதனைகளைக் கொண்டு கருதினர். 1943 முதல் 1979 வரை, தொழிலாளர் சுரங்கத்துள் இறங்குமுன், உடை மாற்றும் அறையை அடைத்து, அப்பொடியைக் காற்றில் கலந்து அவர்களைச் சுவாசிக்கச் செய்தனர். ஆயிரக்கணக்கானோர் இதற்கு உட்பட்டனர். பிற்காலத்தில் அவர்களிடையே பார்க்கின்சன் நோய் மிகுந்திருத்தல் புலனாயிற்று. ஒரு தொழிலாளியின் மகள், தன் தந்தையின் நோய்க்குக் காரணம் தேடிப் பிற தொழிலாளரின் வரலாறுகளையும் திரட்டினார், ஆய்வுகளும் நடந்தன. அந்நோயை அப்பொடியால் விளைந்த தொழில்வழி நோயென ஒன்டாரியோ அரசு விதிகளில் சேர்த்தது 2022ஆம் ஆண்டிலேதான்.

பொடியைக் கண்டவர் தீய எண்ணத்தினர் என்று கூற நமக்கு ஆதாரமில்லை. நோயைத் தடுப்பதே அவர்தம் நோக்கமாக இருந்திருக்கலாம். ஆயினும் துன்பம் விளைந்தது. குறை எங்கே?

பகவன் தம் மகன் இராகுலனுக்கு அளித்த உபதேசத்தில் இதற்கு விடை உளது. முகம் பார்ப்பதற்குக் கண்ணாடி உதவுதல் போல, ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் அது தனக்கோ, பிறர்க்கோ, இருவர்க்குமோ துன்பம் தருமா என்று நோக்க வேண்டும் என்றார். செய்தபின் தீமை தெரிந்தால் அதனை மறையாது வெளிப்படுத்தி, மேல் அடங்கியொழுக வேண்டும் என்றும் கூறினார். ஒருமுறை நல்லெண்ணம் கொண்டு அத்துடன் கண்ணை மூடிக்கொள்ளுதல் அவர் காட்டிய வழியன்று. பார்க்க வேண்டியதைப் பாராதிருக்கும் எண்ணம் நல்லெண்ணமாக நீடித்தல் இயலாது.

இம்மூன்று நோக்கையும் அளவுகோலாக்குவோம். முன்னோக்கு: அபாயத்தைச் சுமப்பவர் யார்? மறுக்கும் உரிமை அவர்க்கு உண்டா? வேலை இழப்புக்கு அஞ்சித் தலையசைத்தல் இசைவாகுமா? இடைநோக்கு: தூசையே குறைக்கும் நீர்த்துளைப்பும் காற்றோட்டமும் இருக்க, தொழிலாளியின் உடலை மாற்ற முயல்வது ஏன்? பின்னோக்கு: மனிதருக்கு நேர்ந்ததைக் கணக்கெடுத்தவர் யார்? மூன்றாம் கேள்விக்குச் சுரங்க முதலாளிகளும் ஆராய்ச்சியாளரும் விடையளித்திருக்க வேண்டும். அக்கடமையை ஒரு மகள் ஏற்க நேர்ந்தது. பொறுப்பின் அளவு அங்கே வெளிப்பட்டது.

இது தொலைநாட்டுச் செய்தியன்று. கோலார் தங்கவயலைத் தோண்டிய கைகளில் பல, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களினின்று சென்ற நம் முன்னோரின் கைகள். மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் கண்டவர்களும் அவர்களே. அங்குச் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 1965ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டனர். அறிவுலகம் போற்றும் அருஞ்செயல் அது. அதே ஆழத்தில்தான் நம் மக்கள் தூசைச் சுவாசித்தனர்; பாறை வெடிப்பில் மாண்டனர். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. சயனைடு கொண்டு பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மண்மேடுகளோ இன்றும் ஊரைச் சூழ நிற்கின்றன. நியூட்ரினோவின் கணக்கை உலகம் அறியும். நுரையீரல்களின் கணக்கை அறிந்தார் எத்துணையர்?

பாபாசாகேப் அம்பேத்கர், 1957இல் வெளிவந்த தம் ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில், பிரக்ஞையையும் கருணையையும் இணைத்தே தம்மத்தை விளக்கினார். ஆதலின் விஞ்ஞானத்தை வெறுத்தல் நம் நெறியன்று. நம் பிள்ளைகள் இன்று ஆய்வுக்கூடங்களில் பணிபுரிகின்றனர். தம் ஆய்வின் பயனைக் கூறுமுன், அதன் அபாயம் எவர் உடலில் இறங்குகின்றது என அவர்கள் வினவுவார்களாக. அபாயத்தைச் சுமப்பவரையே அளப்பவராகவும் அமர்த்துவார்களாக. அறியாமல் செய்தோம் என்னும் சொல், அறிய முயன்றவர்க்கு மட்டுமே உரியது.